கமிஷன் கைக்கு வந்தது ஒன்று, சிபி58-இல் இருப்பது ஒன்று: மலேசிய வருமான வரிப் பாரம் பி நிரப்பத் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

சிப்புட் செம்பருத்தி எழுதியது:

வணக்கம். சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். முன்பு ஈப்போவில் தொழிற்சாலை வேலை, 2022-இல் அதை விட்டுவிட்டு நேரடி விற்பனையில் முழுநேரமாக இறங்கினேன். சமையல் பாத்திரம், சத்துமாவு, சோப்பு, இப்படி. கம்பெனி பெயர் வேண்டாம். தொழிற்சாலையில் இருந்தபோது வருடா வருடம் சம்பளக்காரர்களுக்கான பாரம் பிஇ, வரியைச் சம்பளத்திலிருந்து ஆபீஸே கழித்துவிடும், நான் பட்டனைத் தட்டினால் போதும். 2023-க்கும் அதே பாரத்தைத்தான் போட்டேன், கமிஷனை "மற்ற வருமானம்" என்று எழுதிவிட்டேன். சரியா தப்பா என்று கூடத் தெரியாது.

இப்போது 2024-க்கு மார்ச் கடைசியில் சிபி58, அதாவது வருடத்துக்குக் கொடுத்த கமிஷனைக் காட்டும் கம்பெனித் தாள், வந்திருக்கிறது. அதில் 52,600 ரிங்கிட் என்று இருக்கிறது. நான் பேங்க் புத்தகத்தை இரண்டு இரவு உட்கார்ந்து கூட்டினேன், 47,800-தான் வருகிறது. மீதி 4,800 எங்கே போனது? என் கைக்கு வராத காசுக்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்?

ரசீதுகள் இரண்டு பிஸ்கட் டின்னிலும் ஒரு செருப்புப் பெட்டியிலும் இருக்கின்றன. வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அவர் சொல்வது ஒன்றே ஒன்று: "கணக்குக் காட்டினால் அரசாங்கம் கொடுக்கும் எஸ்டிஆர் உதவிக் காசு நின்றுவிடும், சும்மா இரு." ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

கிராணி மகன் எழுதியது:

தங்கச்சி, முதலில் அந்த 4,800. சிபி58-இல் ரொக்கம் ஒரு கட்டத்திலும், ரொக்கம் அல்லாதது இன்னொரு கட்டத்திலும் இருக்கும், கடைசியில் இரண்டையும் கூட்டித்தான் மொத்தம் போடுவார்கள். போன வருடம் கம்பெனி உங்களை எங்காவது சுற்றுலா கூட்டிப் போனதா? தங்கக் காசு, டிவி, கார் முன்பணம், இப்படி ஏதாவது? அதற்கும் ஒரு விலை போட்டு வருமான வரி வாரியமான எல்எச்டிஎன்-னிடம் காட்ட வேண்டும் என்பது சட்டம். வருடத்தில் 5,000 ரிங்கிட்டுக்கு மேல் ஒரு முகவருக்குக் கொடுத்தால் சிபி58 கொடுத்தே ஆக வேண்டும், 2012-இலிருந்து இப்படித்தான். 5,000-க்குக் குறைவு என்றால் தாள் வராமல் போகலாம், அதற்காக அது வருமானம் இல்லை என்று ஆகாது.

இரண்டாவது, நீங்கள் செய்வது வியாபாரம். எனவே பாரம் பி. பிஇ-க்கு ஏப்ரல் 30 கடைசி, பி-க்கு ஜூன் 30, இ-ஃபைலிங்கில் போட்டால் இன்னும் 15 நாள் விடுவார்கள். எனவே இன்றைக்கே அழ வேண்டாம், நேரம் இருக்கிறது. 2023-ஐத் திருத்த முடியும், 2024-ஐ முடித்த பிறகு சொல்கிறேன்.

சிப்புட் செம்பருத்தி எழுதியது:

அண்ணே, தாய்லாந்தில் கிராபி. நான்கு நாள். இரண்டு நாள் மழை, ஒரு நாள் முழுக்க ஹாலில் உட்கார்ந்து கைதட்டினோம், மிச்சம் ஒரு நாள் படகில் வாந்தி. இதற்கா 4,800?

கிராணி மகன் எழுதியது:

அதற்குத்தான். வாந்திக்குக் கழிவு கிடையாது.

டயர் கடைக்காரன் எழுதியது:

நான் இதே தொழிலைப் பகுதி நேரமாகப் பத்து வருடமாகச் செய்கிறேன். ஒரு தாளும் போட்டதில்லை, ஒருவரும் கேட்டதில்லை. தோட்டத்துப் பக்கம் வீடு வீடாக சோப்பு விற்கும் நம்மையா தேடி வருவார்கள்? பெரிய முதலாளிகளை விட்டுவிட்டு நம்மைப் பிடிப்பார்களா? இதையெல்லாம் இங்கே எழுதிப் பயமுறுத்தாதீர்கள்.

கெடா தம்பி எழுதியது:

டயர் அண்ணே, நானும் அப்படித்தான் பேசினேன். 2023-இல் கடிதம் வந்தது, 2019 முதல் 2021 வரை மூன்று வருடக் கணக்கைக் காட்டு என்று. எனக்குக் கொடுத்த சிபி58-இன் விவரம் அவர்கள் கையில் முன்பே இருந்தது, நான் "அவ்வளவு வரவில்லை" என்று சொல்ல வாயே திறக்க முடியவில்லை. சரி, வருமானத்தை ஒப்புக்கொண்டேன், செலவைக் காட்டலாம் என்று ரசீதுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். பிரித்துப் பார்த்தால் பாதி ரசீது வெள்ளைக் காகிதம். பெட்ரோல் நிலையத்தில் கொடுக்கும் பளபளப்புத் தாள் இருக்கிறதே, அது ஒரு வருடத்தில் நிறம் போய்விடும், நான் வேறு கார் டேஷ்போர்டு மேல் வெயிலில் போட்டு வைத்திருந்தேன். அதிகாரி தப்பாகப் பேசவில்லை, பொறுமையாகத்தான் இருந்தார், ஆனால் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார். வரியும் தண்டமும் மாதத் தவணையாக இன்னும் கட்டுகிறேன்.

அக்காவுக்கு ஒரே வேண்டுகோள்: அந்த பிஸ்கட் டின்னை இன்றைக்கே திறந்து ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். தாளையும் எறியாதீர்கள். ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும்.

கிராணி மகன் எழுதியது:

தம்பி சொன்னதோடு சேர்த்து ஒன்று. கம்பெனிகள் எல்லாம் இப்போது முகவர்களிடம் வரி எண் கேட்கின்றன, கவனித்தீர்களா? இ-இன்வாய்ஸ் வந்த பிறகு கமிஷன் கொடுக்கும்போது கம்பெனியே நம் சார்பில் இன்வாய்ஸ் போட்டு எல்எச்டிஎன் வழியாக அனுப்ப வேண்டும். பெரிய கம்பெனிகளுக்கு 2024 ஆகஸ்டிலேயே இது ஆரம்பித்துவிட்டது. எனவே நம் வரவு அவர்களுக்கு உடனுக்குடன் தெரியும். நம் செலவு மட்டும் நாம் சொன்னால்தான் தெரியும்.

எஸ்டிஆர் பற்றி: அந்த விண்ணப்பமே எல்எச்டிஎன் மூலமாகத்தான் போகிறது. ஒரே இடத்தில் ஒரு கையால் உதவி கேட்டுவிட்டு இன்னொரு கையால் சிபி58-ஐ மறைத்தால் எப்படி? வீட்டுக்காரரிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள், லோரி ஓட்டிக் களைத்து வந்த நேரத்தில் வேண்டாம்.

பழைய அப்லைன் எழுதியது:

22 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், எனவே கொஞ்சம் இடம் கொடுங்கள். செம்பருத்தி, நீ பயப்படவே தேவையில்லை. நீ மாதா மாதம் தகுதி நிலைநிறுத்த வாங்குகிறாயே சாமான், அது எல்லாமே வியாபாரச் செலவு. வாங்கவில்லை என்றால் அந்த மாதக் கமிஷன் கிடைக்காது, அப்படியானால் அது கமிஷனைச் சம்பாதிக்கச் செய்த செலவுதானே? எங்கள் பயிற்சியில் பல வருடமாக இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறோம். கார், போன், மின்சாரம், நல்ல புடவை, எல்லாம் போடு. வரி பூஜ்யம் வந்துவிடும்.

கிராணி மகன் எழுதியது:

அக்கா, உங்கள் வயதுக்கும் அனுபவத்துக்கும் மரியாதை, ஆனால் இந்த ஒரு விஷயத்தில்தான் நம் ஆட்கள் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், எனவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 33-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. வருமானம் ஈட்டுவதற்காக மட்டுமே, முழுக்க முழுக்க அதற்காகவே ஆன செலவைத்தான் கழிக்கலாம். 39-ஆம் பிரிவு அதன் மறுபக்கம்: வீட்டுச் செலவும் சொந்தச் செலவும் வரவே வராது. இப்போது அந்த மாதச் சாமானை எடுத்துக்கொள்ளுங்கள். 300 வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, வாங்குகிறோம். அதில் சத்துமாவைப் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு விற்றால் அது சரக்கு. ஒரு டின்னைத் திறந்து கூட்டத்தில் பத்துப் பேருக்குக் கரைத்துக் கொடுத்தால் அது மாதிரி, அதுவும் செலவுதான். ஆனால் மீதியை நம் பிள்ளைகள் காலையில் குடித்துவிட்டுப் பள்ளிக்குப் போனால் அது சாப்பாடு. கமிஷனுக்குத் தகுதி கிடைத்ததற்காக அந்த மாவு வயிற்றுக்குள் போகாமல் இருந்துவிடாது. "வாங்கினால்தான் கமிஷன்" என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் "முழுக்க" என்ற ஒரு சொல் அதை உடைத்துவிடுகிறது.

புடவையும் அப்படித்தான். கூட்டத்துக்குக் கட்டிய பட்டுப் புடவையை அடுத்த வாரம் கல்யாணத்துக்கும் கட்டுவீர்கள்.

பழைய அப்லைன் எழுதியது:

தம்பி, நீ சட்டம் படித்திருக்கலாம், நான் களத்தில் இருக்கிறேன். எனக்கு இதுவரை ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. அது கிடக்கட்டும், எனக்கே ஒரு சந்தேகம்: இரண்டு மூன்று வருடமாகக் கம்பெனி என் கமிஷனில் 2 விழுக்காடு பிடித்துக்கொள்கிறது. ஆபீஸில் கேட்டால் "அரசாங்கம்" என்கிறார்கள். இது என்ன புது வரி?

கிராணி மகன் எழுதியது:

அக்கா, அது புது வரி இல்லை. 107டி பிரிவு, 2022 ஜனவரி 1-இலிருந்து. முந்தின வருடம் ஒரே கம்பெனியிடமிருந்து, சுற்றுலா பரிசு எல்லாம் சேர்த்து, 100,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்கியிருந்தால், இந்த வருடம் கொடுக்கும் ரொக்கத்தில் 2 விழுக்காட்டைப் பிடித்து உங்கள் பெயரில் எல்எச்டிஎன்-னிடம் கட்டிவிடுவார்கள். அது உங்கள் காசு. பாரம் பி போடும்போது கட்டிய வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பாரமே போடாதவர்களுக்குத்தான் அது நட்டம்.

(அக்கா வருடத்துக்கு லட்சத்துக்கு மேல் வாங்குகிறார் என்று இப்போதுதான் தெரிகிறது. அடுத்த தீபாவளிக்கு முறுக்கு அங்கேதான்.)

சிப்புட் செம்பருத்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரமாக உட்கார்ந்தேன். மகள் படம் எடுத்தாள், நான் தேதி எழுதினேன். கார் என் பெயரில் இல்லை, வீட்டுக்காரர் பெயரில் இருக்கும் பழைய மைவி. லிந்தாங், சாலாக், கமுனிங் பக்கம், மாதம் நான்கு தடவை ஈப்போ, சில நேரம் தைப்பிங். காலையில் அதே காரில்தான் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கோயில். எவ்வளவு போடுவது?

அப்புறம் இன்னொன்று. சாமானை வாங்கி நேரே விற்பதில் கிடைக்கும் இலாபம் சிபி58-இல் இல்லையே, அதைச் சொல்ல வேண்டுமா?

கிராணி மகன் எழுதியது:

சொல்ல வேண்டும். அதுதான் எல்லோரும் மறப்பது. கமிஷன் கம்பெனி கொடுப்பது, விற்பனை இலாபம் நீங்கள் கையில் வாங்குவது, இரண்டும் சேர்ந்ததுதான் வியாபாரம்.

காருக்கு: வண்டி உங்கள் பெயரில் இல்லாததால் காரின் விலைக்கு மூலதனக் கழிவு கேட்காதீர்கள். பெட்ரோல், டோல், சர்வீஸ் இவற்றில் வியாபாரப் பங்கு வரும், நீங்கள் கட்டியது என்பதற்கு அத்தாட்சி இருக்க வேண்டும். பங்கு எவ்வளவு என்பதைக் கற்பனையில் போட வேண்டாம். ஒரு பள்ளிக்கூட நோட்டை டேஷ்போர்டுக்குள் வையுங்கள் (மேலே இல்லை, உள்ளே, கெடா தம்பியைக் கேளுங்கள்). தேதி, எங்கிருந்து எங்கே, யாரைப் பார்க்க, மீட்டர் எத்தனை. 2024-க்கு நோட்டு இல்லை என்றால் ஆர்டர் தாள்கள், டச் அண்ட் கோ டோல் அட்டைப் பட்டியல், கூட்டத் தேதிகள் இவற்றை வைத்து ஒரு நியாயமான கணக்கைப் போட்டு, எப்படிப் போட்டோம் என்பதையும் எழுதி வையுங்கள்.

எண்களை இங்கே போடுங்கள், பார்ப்போம்.

சிப்புட் செம்பருத்தி எழுதியது:

இதோ. வாடிக்கையாளர்களுக்கு விற்றது 17,500. போன வருட ஆரம்பத்தில் கட்டிலுக்கடியில் இருந்த சரக்கு 800, வருடத்தில் வாங்கியது 15,500, டிசம்பர் 31-இல் மிச்சம் 1,400. வீட்டுக்கு நாங்களே எடுத்துக்கொண்டது 2,400 வரும் (அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு மனசாட்சியோடு எண்ணினேன், பிள்ளைகள் மாவு குடிக்கிறார்கள், என்ன செய்வது). மாதிரிக்குத் திறந்தது 1,500.

காருக்கு மொத்தம் 12,000, என் கணக்குப்படி வியாபாரம் 60 விழுக்காடு, எனவே 7,200. போனும் இணையமும் வியாபாரப் பங்கு 960. ஹால் வாடகை, நாற்காலி 1,800. சாமான் அனுப்பிய செலவு 840. பயிற்சிக் கட்டணம் 1,000. கூட்டங்களில் வடை, தேநீர், மீ கோரெங் 900. புதுப் போன் 1,300-க்கு வாங்கினேன்.

இதில் சரக்கு இலாபம் 17,500-இலிருந்து 15,500-ஐக் கழித்து 2,000, சரியா?

கணக்கு டீச்சர் எழுதியது:

தமிழ்ப்பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், வரி பற்றித் தெரியாது, ஆனால் அந்த 2,000 சரியில்லை. வருடக் கடைசியில் மிச்சமிருக்கும் சரக்கு இன்னும் விற்கவில்லை, அதைக் கழிக்கக் கூடாது. ஆரம்பச் சரக்கு 800-ஐச் சேர்க்க வேண்டும். அப்புறம் மாதிரி 1,500-ஐ வேறு செலவு வரிசையில் போடப் போகிறீர்கள் என்றால் வாங்கிய கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரே டின்னை இரண்டு முறை கழித்ததாகிவிடும். 800 கூட்டல் 15,500, அதாவது 16,300. அதிலிருந்து வீட்டுக்கு 2,400, மாதிரிக்கு 1,500, மிச்சம் 1,400 போனால் 11,000. எனவே இலாபம் 6,500.

சிப்புட் செம்பருத்தி எழுதியது:

டீச்சர், வருமானம் 4,500 ஏறிவிட்டதே! இதற்கா உங்களைக் கூப்பிட்டேன்.

கிராணி மகன் எழுதியது:

டீச்சர் சொன்னதுதான் சரி. இப்போது மீதி.

சிபி58 52,600, விற்பனை இலாபம் 6,500, ஆக 59,100. செலவு: கார் 7,200, போன் 960, ஹால் 1,800, அனுப்பியது 840, மாதிரி 1,500, பயிற்சி 1,000. சாப்பாடு 900-இல் பாதிதான் கழிக்கலாம், உபசரிப்புச் செலவுக்கு அப்படி ஒரு வரம்பு, எனவே 450. கூட்டினால் 13,750. மிச்சம் 45,350. போன் 2,000 ரிங்கிட்டுக்குள் இருப்பதால் சிறு மதிப்புச் சொத்து என்று அதே வருடத்தில் முழுக்க எழுதலாம், ஆனால் வீட்டுக்கும் பேசுகிறீர்கள், 70 விழுக்காடு என்றால் 910. நிகரம் 44,440.

சொந்த விலக்கு 9,000. நீங்கள் ஈபிஎஃப் சேமநிதியில் சுயமாகப் போட்டது ஏதாவது உண்டா? அம்மா அப்பா மருத்துவம்?

சிப்புட் செம்பருத்தி எழுதியது:

ஈபிஎஃப் மாதம் 100, ஆக 1,200. அம்மாவின் மருத்துவத்துக்கு ரசீதோடு 900. பிள்ளைகளை வீட்டுக்காரர் அவர் பாரத்தில் போடுகிறார்.

கிராணி மகன் எழுதியது:

நல்லது, ஒரே பிள்ளையை இருவரும் முழுசாகப் போடாமல் இருந்தால் சரி. விலக்கு மொத்தம் 11,100. வரிக்குரிய வருமானம் 33,340. முதல் 20,000-க்கு வரி 150, மீதி 13,340-க்கு 3 விழுக்காடு 400.20. ஆக 550.20. வரிக்குரிய வருமானம் 35,000-க்குள் இருப்பதால் 400 தள்ளுபடி. நீங்கள் கட்ட வேண்டியது 150 ரிங்கிட் 20 சென்.

இப்போது அந்த பிஸ்கட் டின்னைத் தூக்கி எறிந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செலவுக்கும் போனுக்கும் அத்தாட்சி இல்லை. 59,100-இல் 11,100 போனால் 48,000. அதற்கு வரி 1,380, 35,000-ஐத் தாண்டியதால் தள்ளுபடியும் கிடையாது. வீட்டுக்காரரிடம் இந்த இரண்டு எண்ணையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள்.

டயர் கடைக்காரன் எழுதியது:

150-தானா? நான் என்னமோ ஆயிரக்கணக்கில் வரும் என்று நினைத்துத்தான் பத்து வருடமாக ஓடிக்கொண்டிருந்தேன். கிராணி அண்ணே, தனியாக மெசேஜ் போடலாமா?

கிராணி மகன் எழுதியது:

போடு. ஆனால் பழைய வருடங்களுக்கு நாமாகவே போய்ச் சொல்வது ஒரு கதை, அவர்கள் கடிதம் போட்ட பிறகு போவது இன்னொரு கதை. பாரமே போடாதவர்களுக்கு வரியின் மூன்று மடங்கு வரை தண்டம் போட 112-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. தள்ளிப் போடாதே.

செம்பருத்திக்கு இன்னொரு விஷயம், பிறகு என்னைத் திட்டக் கூடாது: வியாபார வருமானம் காட்டிய பிறகு எல்எச்டிஎன் சிபி500 என்று ஒரு தாள் அனுப்பலாம், அடுத்த வருட வரியை முன்கூட்டியே மதிப்பிட்டுத் தவணையாகக் கட்டச் சொல்லி. அது அபராதம் இல்லை. வியாபாரம் குறைந்தால் தொகையைக் குறைக்கச் சொல்லி சிபி502 போடலாம்.

பழைய அப்லைன் எழுதியது:

நான் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வீட்டில் குடித்த மாவைப் பிரித்து எழுதச் சொல்லி அடுத்த கூட்டத்தில் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். புடவையை மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனிச் சின்னம் போட்ட புடவை அது, கல்யாணத்துக்கு யார் கட்டுவார்?

கணக்கு டீச்சர் எழுதியது:

நீங்கள் கட்டியிருந்ததை நானே பார்த்தேன் அக்கா, மாரியம்மன் கோயில் திருவிழாவில்.

சிப்புட் செம்பருத்தி எழுதியது:

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. வீட்டுக்காரரிடம் தாளைக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, அடுத்த நாள் லோரியிலிருந்து ஒரு பழைய கிளிப் போர்டைக் கொண்டுவந்து "காரில் மாட்டிக்கொள்" என்று கொடுத்தார். 2023 பாரத்தைத் திருத்தும் வேலை பாக்கி. கட்டிலுக்கடியில் இன்னும் நான்கு சத்துமாவு டின் காலாவதியாகிக் கிடக்கிறது, அதைத் தள்ளுபடி எழுதலாமா?

அப்புறம் தினமும் காலையில் லிந்தாங் போகும் வழியில் ஒரு நாசி லெமாக் வாங்குகிறேன், வருடத்துக்கு 700 வெள்ளி ஆகிறது. தொழிலுக்குப் போகும்போது சாப்பிடுவதுதானே?

கிராணி மகன் எழுதியது:

டின்: எழுதலாம், எறிவதற்கு முன்னால் காலாவதித் தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொண்டு, எந்த வருடம் எறிகிறீர்களோ அந்த வருடத்தில். நாசி லெமாக்: முடியாது.